அபூ ஸாலிமுடைய தாயாரின் பெயர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ரமலானிலும் இந்த வருடம் எழுதி முடித்துவிட வேண்டும் என்று நிய்யத் வைப்பேன். பெருநாள் கழிந்ததும் கடை, விசா, ஊர்ப் பயணம் என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். உண்மையான காரணம் வெட்கம். ஊரில் என்னை மரியாதையாகப் பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். இப்போது விசா முடிய நான்கு மாதம்தான் இருக்கிறது. எல்லாம் முடித்துக்கொண்டு காயல்பட்டினத்துக்குப் போகிறேன். கண் மூடி மையித்தாகும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அல்லாஹ்வை முன்னிறுத்தி எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு. பிறகு மதரஸாவில் சில வருடம் அரபி ஓதினேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டைப்பிங் சென்டர் வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் முக்கியமாக இதைப் படிக்க வேண்டும்.

1. கழுதையை உள்ளே விடாதே

அமீரகத்தில் அல் ஐன் ஊரில் நான் சேர்ந்த கடை இரண்டு மேசையும் ஒரு பிரிண்டரும் உள்ள சின்ன டைப்பிங் சென்டர். விசா, எமிரேட்ஸ் ஐடி, லேபர் ஆபீஸ் மனு எல்லாவற்றையும் அரபியில் டைப் செய்து கொடுப்போம். ஜனங்கள் உருதில் சொல்வார்கள், தமிழில் சொல்வார்கள், சில பேர் அழுதே சொல்வார்கள். நாங்கள் அதை அரபியாக்க வேண்டும். கடையை நடத்தியவர் பஷீர்க்கா. மலப்புறத்துக்காரர்.

முதல் நாளே ஒரு பாகிஸ்தான் பட்டாணி மேஸ்திரி சைட்டிலிருந்து நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் சிமெண்ட்.

"எழுது பாய்! எங்க ஃபோர்மேன் ஒரு கழுதை. ரெண்டு வருஷமா லீவு தர மாட்டேங்கிறான். அவன் அப்பனும் கழுதை. எழுது, ஜல்தி!"

நான் அப்படியே எழுதினேன். மதரஸாவில் படித்த அரபிக்கு அன்றுதான் வேலை வந்தது என்று ஒரே சந்தோஷம். மனு லேபர் ஆபீஸ் கவுண்டருக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தது. அதிகாரி அதில் பெரிய கோடு போட்டிருந்தார். பஷீர்க்கா படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"எடா, அவனுக்கு வேண்டியது லீவு. கழுதைய எதுக்குடா ஆபீசுக்குள்ள கூட்டிட்டுப் போற? ஆள் சொல்றத எழுதாதே. ஆளுக்கு என்ன வேணுமோ அத எழுது."

திருப்பி எழுதினேன். 'மேன்மைதங்கிய ஐயா, என் தாயார் நோயுற்றிருப்பதால்...' என்று ஆரம்பித்தேன். மேஸ்திரிக்குத் தாயார் இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. மேஸ்திரிக்கு லீவு கிடைத்தது.

அதற்குப் பிறகு இருபத்து நாலு வருடம் இதுதான் என் தொழில். கோபத்தைப் பணிவாக மாற்றுவேன். அசிங்கத்தை வெட்டுவேன். ஓட்டையை அடைப்பேன். "பாய் கை பட்டா பாஸ்" என்று தொழிலாளர் கேம்ப்புகளில் பெயர் வந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2. மகள் எடுத்த படிப்பு

என் மகள் ஸமீஹா இங்கே இந்தியன் ஸ்கூலில் படித்தவள். ஸ்காலர்ஷிப் கிடைத்து இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கப் போனாள். இரண்டாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் போன் செய்தாள்.

"வாப்பா, நான் பிளாக் ஹிஸ்டரி அண்ட் கல்ச்சர் எடுத்திருக்கேன்."

"அப்படின்னா?"

"கறுப்பின மக்களோட சரித்திரம். அவங்க பாட்டு, எழுத்து, போராட்டம் எல்லாம்."

"நமக்கும் அவங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஊருக்குப் போனா மாமி என்னை என்னன்னு கூப்பிடுவாங்க வாப்பா?"

கருவாச்சி என்றுதான் கூப்பிடுவாள். என் சொந்தத் தங்கச்சி. நானும் சிரித்திருக்கிறேன். பேச்சை மாற்றி, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஒன்னும் கிடைக்கலன்னா உங்க கடையில டோக்கன் கிழிக்கிறேன். பஷீர்க்காட்ட இப்பவே சொல்லி வைங்க."

பள்ளிவாசலில் யாராவது கேட்டால் "ஹிஸ்டரி படிக்கிறா" என்று மட்டும் சொல்வேன். முன்னால் உள்ள வார்த்தையை விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் படித்ததைச் சொல்வாள். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நானும் அவள் உம்மாவும் ஸ்பீக்கரில் கேட்போம். மனிதர்களைக் கப்பலில் ஆடு மாடு போல் ஏற்றினார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். அதைக் கேட்டு அவள் உம்மா சோற்றில் கை வைத்தபடி அழுதாள். இன்னொரு நாள் கப்பல் பட்டியல்களைப் பற்றிச் சொன்னாள்.

"வயசு இருக்கு வாப்பா, உயரம் இருக்கு, பல்லு எப்படின்னுகூட இருக்கு. அவங்க உம்மா வாப்பா வெச்ச பேரு மட்டும் இல்ல. வாங்கினவன் வெச்ச பேருதான் இருக்கு. எங்கேயாவது ஒரு சொந்தப் பேரு கிடைச்சா எங்க கிளாஸே எழுந்து நிக்கும்."

கடைசி வருடம் ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறார்கள், நான் வளைகுடாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றாள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தப் பக்கத்துக்கும் ஆட்களைப் பிடித்து வந்து விற்றிருக்கிறார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இங்கே குடிமக்களாக இருக்கிறார்கள் என்றாள். இத்தனை வருடம் இங்கே இருக்கிறேன். கறுத்த நிறமுள்ள உள்ளூர்க்காரர்களுக்கு ஆயிரம் ஃபாரம் டைப் செய்திருக்கிறேன். ஒரு நாளும் இப்படி யோசித்ததில்லை.

"உங்களுக்கு யாரையாவது தெரியுமா வாப்பா?"

எனக்கு அபூ ஸாலிம் ஞாபகம் வந்தது.

3. விரல் வைத்துப் பார்த்தார்

அபூ ஸாலிம் தண்ணீர் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பது வயதிருக்கும். வீட்டு டிரைவர் விசா, பணிப்பெண் விசா எதுவானாலும் என்னிடம்தான் வருவார். வேலை முடிந்தாலும் போக மாட்டார். "யா ஹிந்தி, உன் டீ ஆஸ்பத்திரி மருந்து மாதிரி இருக்கு" என்பார். ஹிந்தி என்றால் இந்தியாக்காரன். மூன்று கிளாஸ் குடிப்பார். அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் பெரிய டிரம் அடித்துப் பாடியவர். அந்தப் பாட்டுகளில் சில வார்த்தைகளுக்கு அவருக்கே அர்த்தம் தெரியாது. தாயார் வழியாக வந்தவை என்பார்.

மகள் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமான கேலி இல்லாமல் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பெண் எழுதுவாளா?"

"எழுதுவாள்."

"புத்தகமாகவா?"

"யுனிவர்சிட்டியில் புத்தகமாக வைப்பார்கள்."

"வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டி வா."

மகள் அப்போது லீவில் வந்திருந்தாள். போனோம். வீட்டு முன்னறையான மஜ்லிஸில் பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் வைத்தார்கள். அவருடைய மூத்த மகன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "பழைய பேச்செல்லாம் இப்போ எதுக்கு, வாப்பா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த முகம் என் மனதில் பதிந்துவிட்டது. மகள் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டாள். அபூ ஸாலிம் வேண்டாம் என்றார். "போனில் போனால் ஊரெல்லாம் சுற்றும். நோட்டில் எழுதச் சொல்."

மகளுக்கு ஸ்கூலில் படித்த அரபிதான். அபூ ஸாலிம் பேசும் பேச்சு அவளுக்குப் பிடிபடாது. அவள் தமிழில் கேட்பாள், நான் அரபியில் கேட்பேன், அவர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், அவள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாள். பாட்டைப் பற்றி, டிரம்மைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

பிறகு அவள், "அவங்க உம்மாவைப் பத்திக் கேளுங்க வாப்பா" என்றாள்.

அவர் சொன்னதை இப்போது அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என் தாய்க்கு ஏழோ எட்டோ வயது. தண்ணீர் எடுக்கப் போனவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படகில் ஏற்றினார்கள். ஒரு துறைமுகத்தில் ஒருவன் வாங்கினான். அவனிடமிருந்து இங்கே உள்ள இன்னொருவன் வாங்கினான். வாங்கினவன் யாகூத் என்று பெயர் வைத்தான். அது கல்லின் பெயர். என் தாயின் பெயர் இல்லை."

பிறகு என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில், அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னார். ஒரு தடவை சொன்னார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.

"மௌத்தாகிற அன்றைக்கு என்னிடம் மட்டும் சொன்னாள். நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. இதை எழுதச் சொல்."

வயதான ஒரு முஸ்லிம், என்னை நம்பி வீட்டில் உட்கார வைத்தவர். அவர் தாயை விலைக்கு வாங்கினார்கள் என்று வெள்ளைக்காரன் ஊர்ப் புத்தகத்தில் எழுதுவதா? அந்த மகன் படித்தால் என்ன ஆகும்? அவர் போய்ப் புகார் சொன்னால் என் விசா என்ன ஆகும்? ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று ஓதியிருக்கிறோமே. இத்தனையும் ஒரு மிடறு கஹ்வா குடிக்கும் நேரத்தில் மனதில் ஓடின. வருடக்கணக்கில் பழகின வாய் தானாகவே திறந்தது.

"அவங்க உம்மா சின்ன வயசுலயே ஆப்பிரிக்காப் பக்கமிருந்து இங்க வீட்டு வேலைக்கு வந்தாங்களாம்மா. பேரு யாகூத். மாணிக்கம்னு அர்த்தம். நல்ல பேரு."

"அவ்வளவுதானா? நிறையப் பேசினாரே?"

"அரபில ஒன்னைச் சொல்ல நாலு வார்த்தை வேணும்மா."

நம்பி எழுதினாள். அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிவிட்டாளா?"

"எழுதிவிட்டாள்."

"எங்கே, காட்டு."

மகள் நோட்டைத் திருப்பி வைத்தாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எந்த இடம் என்று என்னைக் கேட்டார். யாகூத் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்து அழுத்தி, வெகு நேரம் எடுக்காமல் இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு கஹ்வா தட்டைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டு என் மகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அவள் தப்பாகப் பாடினாள் என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் வலிக்கிறது.

4. எந்தப் பக்கம்?

அந்தக் குளிர்காலத்தில் அபூ ஸாலிம் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவுக்குப் போய் மண் போட்டேன். சில மாதம் கழித்து மகளின் கட்டுரை நல்ல மார்க் வாங்கி, அட்டை போட்டு ஒரு பிரதி எனக்கு வந்தது. அவர் வீட்டுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை ஒரு பெண் வந்து டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் என் முன்னால் வந்தாள்.

"நான் மர்யம். அபூ ஸாலிமுடைய பேத்தி. துபாயில் டீச்சராக இருக்கிறேன். புத்தகம் வந்துவிட்டதா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"எந்தப் பக்கம்?"

பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். திரும்பவும் முன் பக்கத்துக்கு வந்தாள்.

"பெயர் எங்கே?"

"யாகூத்..."

"அது எங்களுக்குத் தெரியும். தாத்தா சொன்ன பெயர் எங்கே? 'அந்த ஹிந்தியின் மகளிடம் கொடுத்துவிட்டேன், புத்தகத்தில் வரும்' என்று என்னிடம் சொன்னார். என்னிடம் இப்பவே சொல்லுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். 'படித்துத் தெரிந்துகொள், அதற்குத்தானே உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்' என்று சிரித்தார்."

பஷீர்க்கா பக்கத்து மேசையில் டைப் செய்வதை நிறுத்திவிட்டார்.

மர்யம் ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினாள். "நீங்கள்தானே அவர் சொன்னதைக் கேட்டீர்கள். ஞாபகம் உள்ளவரை எழுதுங்கள்."

யோசித்தேன். 'ம'வில் ஆரம்பித்ததா? 'ஸா' என்று முடிந்ததா? அவர் முழங்காலில் வைத்த கை ஞாபகம் இருக்கிறது, கஹ்வாவின் ஏலக்காய் வாசம் ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை. சொல்லக் கூடாது என்று முடிவு செய்த வார்த்தையை மனம் அப்போதே எறிந்துவிட்டது போலிருக்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. கென்யா, தான்சானியா பாஸ்போர்ட் எத்தனை பார்த்திருக்கிறேன். பத்துப் பெயர் வாயில் வந்து நின்றது. ஒன்றை எழுதினால் அந்தப் பிள்ளை கண்ணில் ஒற்றிக்கொண்டு போவாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன்.

கீழே வைத்தேன்.

"ஞாபகம் இல்லை மகளே. அவர் சொன்னார். நான்தான் என் மகளிடம் சொல்லவில்லை" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அவருடைய மரியாதையைக் காப்பாற்ற நினைத்தேன் என்றும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்கு வெட்கம் இல்லையே. நீங்கள் யாருக்காக வெட்கப்பட்டீர்கள்?"

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். திரும்பி வந்து கவுண்டரில் வைத்தாள்.

"இதில் என் கொள்ளுப்பாட்டி இல்லை."

அவள் போன பிறகு அடுத்த டோக்கன்காரர், "பாய், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். பஷீர்க்கா எழுந்து வந்து, "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

5. அவர் சொன்னதை மட்டும்

வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் அன்றே மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"வாப்பா, அவர் அது மேல விரல் வெச்சுப் பார்த்தாரே. என் கையெழுத்து மேல" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். புரபசரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நூலகத்துப் பிரதியில் ஒரு திருத்தப் பக்கம் சேர்க்க அனுமதி வாங்கியிருந்தாள். நான் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல அவள் டைப் செய்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொல்ல நான் டைப் செய்தேன். அன்று நான் சொன்னேன். "பாவம் அந்தப் பிள்ளை, கடற்கரையில..." என்று ஆரம்பித்தேன்.

"வாப்பா, அவர் சொன்னதை மட்டும்."

கடற்கரை என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்கப் போனாள் என்றுதான் சொன்னார். பாருங்கள், அழுதுகொண்டு உண்மை சொல்லும்போதுகூட என் வாய் சேர்த்துச் சொல்கிறது.

பெயர் வரும் இடத்தில், 'தகவல் தந்தவர் பெயரைச் சொன்னார், மொழிபெயர்த்தவர் அதைத் தெரிவிக்கவில்லை' என்று எழுதினாள். மொழிபெயர்த்தவர் ஆய்வாளரின் தந்தை என்றும் எழுதினாள். எழுதட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி.

ஸமீஹா இப்போது அதே துறையில் மேலே படிக்கிறாள். அரபியை முறையாகப் படித்து, அபூ ஸாலிமைப் போன்ற பெரியவர்களின் பேச்சையும் பழகிக்கொண்டாள். என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறாள். போன லீவில் ஒரு வயதான அம்மாவைப் பார்க்கப் போனாள். நான் காரில் கொண்டுபோய் விட்டேன். "நானும் வரட்டுமாம்மா?" என்றேன். "வேணாம் வாப்பா, வெயிலா இருக்கு, கார்லயே ஏசி போட்டு இருங்க" என்றாள். ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தேன்.

குறையை மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடைய குறையை? பிடித்துக்கொண்டு போகப்பட்ட சின்னப் பிள்ளையிடம் என்ன குறை இருக்கிறது? குறை செய்தவன் விற்றவனும் வாங்கினவனும். நான் போர்வை போட்டு மூடியது அவர்களை. தினமும் ஐந்து வேளை பாங்குக்குப் பதில் சொல்கிறேன். முதல் பாங்கு சொன்ன நபித்தோழர் அடிமையாக இருந்தவர், சுடுமணலில் கிடத்தப்பட்டவர் என்று பள்ளிவாசல் பயானில் நாம் ஒளிக்காமல் சொல்கிறோம். அதை அவருடைய குறையாக எந்த ஆலிமும் சொல்லிக் கேட்டதில்லை. இதெல்லாம் தெரிந்த நான்தான் அப்படிச் செய்தேன்.

டைப்பிங் வேலைக்கு வரும் தம்பிகளே, லீவு மனுவில் கழுதையை வெட்டிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்க்கையைச் சொல்லி, இதை எழுது என்று உங்களை நம்பி உட்கார்ந்தால், அது மனு கிடையாது. அதில் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. இரக்கப்பட்டும் கை வைக்கக் கூடாது. அபூ ஸாலிமிடம் எனக்கு இரக்கம் நிறைய இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காகப் பரிந்து எதையும் சேர்க்காதீர்கள், எதையும் குறைக்காதீர்கள். முக்கியமாக, அந்தத் தாயாருக்கு ஒரு பெயர் இருந்தால் கதை நன்றாக இருக்குமே என்று யாரும் ஒரு பெயரை வைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் மகன் அதை இரண்டு தடவை சொன்னார். நான் கேட்டேன். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.